வண்டி போச்சு, சீட்டு போகலை

தோட்ட ரயிலில், அதாவது தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டும் மாடல் ரயிலில், ஆறேழு பேரைச் சேர்த்து ஓட்டுவதில் ரயிலை ஓட்டுவது சுலபம். சீட்டை ஓட்டுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் ஒரு அட்டை, அதில் செருகிய சீட்டில் போய்ச்சேர வேண்டிய சைடிங் (பெட்டியை நிறுத்தும் பக்கப் பாதை). ஏற்பாடு இவ்வளவுதான். பெட்டியைக் கழற்றிவிட்டால் அட்டையை அந்த ஸ்டேஷன் தட்டில் வைக்க வேண்டும். வைக்கிறார்களா? சட்டைப்பையில் போகிறது! அடுத்து வருபவருக்கு சைடிங்கில் நிற்பது யாருடைய பெட்டி என்றே தெரியாது.

விருந்தாளிகள் கொண்டுவரும் வண்டிகள் இன்னொரு தலைவலி. தண்டவாளங்களுக்கு நடுவே 32 மி.மீ. உள்ள பாதையில், ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உள்முக இடைவெளி 28 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பாதை பிரியும் பாயிண்டில், சக்கரத்தை வழிநடத்தும் உள் தண்டவாளமான செக் ரெயிலில் இறுகி ஏறிவிடும். கூடினால் சக்கர விளிம்பு கிராசிங் மூக்கில், அதாவது இரு தண்டவாளம் கூடும் கூர்முனையில், முட்டும். கேஜ் (அளவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. தடம்புரண்ட பிறகு "உங்க பாதைதான் சரியில்லை" என்பார்கள். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கின் உயரம் பற்றிப் பேசவே வேண்டாம்.

எதிர் ரயிலுக்கு வழிவிட ஒதுங்கும் லூப்பில் எட்டு பெட்டிதான் கொள்ளும் என்று எழுதி வைத்தாலும் பத்து பெட்டியோடு வருவார்கள். ரயிலின் வால் பாயிண்ட் மேல் நிற்க, எதிர் ரயில் காத்திருக்கும். அது நீராவி எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம்: நின்றாலும் கேஸ் பர்னர் எரிகிறது. ஒருமுறை நிரப்பிய கேஸ் அரை மணி நேரம் தாங்கினாலே அதிகம். சிக்னல் கிடைக்கும்போது பிரஷர் இருக்காது.