500 என்ற கணக்கு கைக்குழந்தைக்குப் பொருந்தாது

“சிடி4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்தால் குழந்தைக்கு எச்ஐவி மருந்து நன்றாக வேலை செய்கிறது, வேறு பரிசோதனை தேவையில்லை” என்று ஒரு பதிவு பலரால் பகிரப்பட்டிருக்கிறது. சிடி4 என்பது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை ரத்த அணு; ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் அது எத்தனை என்று எண்ணுகிறார்கள். 500 என்பது பெரியவர்களுக்கான அளவுங்க. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது சரிப்படாது.

பிறந்த முதல் வருடத்தில் நிணநீர் அணுக்கள் (லிம்போசைட், சிடி4-உம் இந்த வகைதான்) இயல்பாகவே மிக அதிகம். சிடி4 1500-க்கு மேல் இருப்பதுதான் வழக்கம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2014 வகைப்பாட்டில், ஒரு வயதுக்குள் 750-க்குக் கீழே போனாலே எச்ஐவியின் மிகக் கடுமையான நிலை. அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்கு எண்ணிக்கையோடு, நிணநீர் அணுக்களில் சிடி4 எத்தனை சதவீதம் என்பதையும் பார்க்கிறார்கள்.

நீங்களே கணக்குப் போடலாம். அதே நாளில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மொத்த நிணநீர் அணு எண்ணிக்கை இருக்கும். சிடி4-ஐ அதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 10 மாதக் குழந்தைக்கு சிடி4 700, நிணநீர் அணு 3500 என்றால் 20 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலில் அந்த வயதுக்கு 25 சதவீதத்துக்குக் கீழ் என்றாலே கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாடு. பதிவின்படியோ “நல்லா இருக்கு”! (கிராமப்புற மையங்களில் உள்ள சில சிறு கருவிகள் எண்ணிக்கையை மட்டும்தான் தரும்.)

மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எச்ஐவி வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை. சிகிச்சை தொடங்கி 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு வருடாவருடம் பார்க்க வேண்டும். குழந்தையின் அட்டையில் கடைசியாக அது எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். தேதி இல்லையென்றால் சிகிச்சை மையத்தில் கேளுங்கள்.