திரெந்து சங்கம் சொன்னது அதுவல்ல

"மனிதன் தன் முயற்சியால் முதல் அடி வைக்கிறான், பிறகுதான் கடவுள் கை கொடுக்கிறார், இதுதான் கத்தோலிக்கப் போதனை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. கத்தோலிக்கத் திருச்சபை தள்ளிய கருத்தே அதுதான்.

529-இல் கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) கூடிய ஒராஞ்சு சங்கம் (ஆயர்களின் கூட்டம்), விசுவாசத்தின் தொடக்கமும், ஏன், விசுவசிக்க வேண்டும் என்ற ஆசையுமே அருளின், அதாவது கடவுள் இலவசமாகத் தரும் உதவியின், கொடை என்றது. 1547 ஜனவரியில், சீர்திருத்த இயக்கத்துக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கமான திரெந்து சங்கம் அதையே உறுதி செய்தது. அதன் ஆறாம் அமர்வில் ஏற்புடைமை (மனிதன் கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவது) பற்றி 33 விதிகள் உள்ளன. முதல் விதியே, அருளின்றித் தன் செயல்களால் மனிதன் கடவுள்முன் ஏற்புடையவன் ஆகலாம் என்பவரைச் சபிக்கிறது. இதைப் பலர் வாசிப்பதே இல்லை. நேரே நான்காம் விதிக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கேதான் குழப்பம் பிறக்கிறது.

நான்காம் விதி சொல்வது: கடவுளால் தூண்டப்பட்ட சுயாதீனம் (மனிதனின் சுதந்திர விருப்பம்) அவரோடு ஒத்துழைக்கிறது, விரும்பினால் மறுக்கவும் அதற்கு முடியும், உயிரற்ற பொருள்போல் அது சும்மா கிடப்பதில்லை. "தூண்டப்பட்ட" என்ற சொல்லை விட்டுவிட்டு வாசித்தால், மனிதன் தன் முயற்சியாலேயே மீட்படையலாம் என்ற பெலாஜியுஸ் பேசுவதுபோலத் தெரியும். அவர் கருத்தைக் கார்த்தேஜ் சங்கம் 418-லேயே கண்டித்தாயிற்று.

சீர்திருத்த சபையாரோடு உண்மையான வேறுபாடு அந்த "மறுக்க முடியும்" என்பதில்தான். அவர்களில் கால்வினைப் பின்பற்றும் கால்வினியர் அதை ஏற்பதில்லை. நம்மூரில் ஒருவர் 'அருள்' என்பதை மற்றவர் 'கிருபை' என்பார். அது வெறும் மொழிபெயர்ப்பு வேறுபாடு.