தானாகச் செய்பவர்களை ஆராய்ந்த 26 வருடம்

போன மாதம் பணி ஓய்வு. துறையில் சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள், வெள்ளி முலாம் பூசிய குத்துவிளக்கு ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். வாழ்த்திப் பேசிய இளம் ஆசிரியர் என் ஆய்வுத் துறையின் பெயரை முழு நீளத்தில் ஒருமுறை சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மச்சான் அதைக் கவனித்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் காரில் கேட்டார்: "ஏன் மாப்ளே, இத்தன வருசமா நீங்க எதத்தான் ஆராய்ச்சி பண்ணுனீங்க?"

சட்டம் கட்டாயப்படுத்தாமலே கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் சுற்றுச்சூழலுக்காகத் தாமாக முன்வந்து செய்கிற காரியங்களை, என்றேன்.

"அப்படி யாராச்சும் செய்றாங்களா?"

சிரித்துச் சமாளித்தேன். நான் 26 வருடம் சம்பளம் வாங்கியதே இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

எங்கள் துறையின் கதையை எங்கிருந்து ஆரம்பித்தாலும் போபாலில் வந்து நிற்கும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. அந்த விஷவாயுவுக்குப் பிறகு உலகம் முழுக்க ரசாயனக் கம்பெனி என்றாலே ஜனங்களுக்குப் பயம் வந்தது. அதற்கு இரண்டு விதமான பதில்கள் கிளம்பின. கம்பெனிகளின் பதில், 1985ல் கனடா ரசாயன உற்பத்தியாளர் சங்கம் தொடங்கிய 'ரெஸ்பான்சிபிள் கேர்' திட்டம். நாங்களே எங்களைத் திருத்திக்கொள்கிறோம், பாதுகாப்பு நெறிகளை நாங்களே வகுத்துக் கடைப்பிடிக்கிறோம் என்பது அதன் சாரம். 1988ல் அமெரிக்கச் சங்கமும் அதை எடுத்துக்கொண்டது. இன்னொரு பதில் அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து 1986ல் வந்த ஒரு சட்டம். எந்தெந்த நச்சுப் பொருளை எவ்வளவு வெளியே விடுகிறாய் என்று ஒவ்வொரு ஆலையும் வருடா வருடம் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குறைக்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. எண்ணிச் சொல், அவ்வளவுதான்.

முதல் பதில் தன்னார்வம், இரண்டாவது கட்டாயம். எது வேலை செய்தது?

கிங், லெனாக்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2000ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டாவது பதிலில் கிடைத்த கணக்கை வைத்து முதல் பதிலை அளந்தார்கள். திட்டத்தில் சேர்ந்த கம்பெனிகள் சேராதவர்களைவிட மெதுவாகத்தான் திருந்தியிருந்தன என்று தெரியவந்தது. உறுப்பினர் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், தப்புச் செய்தாலும் யாரும் வெளியே தள்ளப் போவதில்லை என்றால் அப்படித்தானே நடக்கும்? பிற்பாடு அந்தச் சங்கமே வெளியாள் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருடம் இந்தக் கட்டுரையை ஜெராக்ஸில் படித்தேன். கட்டுரை என்ன சொல்கிறது என்று புரிந்ததும் தாள்களை மடித்து வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனது இப்போதும் நினைவிருக்கிறது. நான் ஆராயப் புறப்பட்ட விஷயமே பொய்யோ என்ற கலக்கம்.

ஆறுதலுக்கு ஒரு வெற்றிக் கதை கிடைத்தது. 1991ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை '33/50' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 17 நச்சு ரசாயனங்கள். 1988ம் ஆண்டு அளவிலிருந்து 1992க்குள் 33 சதவீதம், 1995க்குள் 50 சதவீதம் குறைக்க வேண்டும். சேர்வதும் சேராததும் அவரவர் இஷ்டம். சேர்ந்தவை சுமார் 1300 கம்பெனிகள். 1994லேயே இலக்கை எட்டிவிட்டார்கள், ஒரு வருடம் முன்னதாக! எங்கள் துறைப் பாடப்புத்தகங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. நானும் பல வருடம் இதை வகுப்பில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். திட்டம் ஆரம்பித்தது 1991ல், கணக்கு ஆரம்பித்தது 1988ல். நடுவில் உள்ள வருடங்களில் குறைந்ததும் திட்டத்தின் வரவில் சேர்ந்துவிட்டது. 17 ரசாயனங்களில் இரண்டு, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி எப்படியும் கைவிட வேண்டியவை. ஆக, கல்யாணம் நிச்சயமான பிறகு தரகு வாங்க வந்தவர் கதை. திட்டத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. எது திட்டத்தால் குறைந்தது, எது தானாகவே குறைந்தது என்று பிரிக்க முடியாமல் இன்றும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தில் எனக்கும் இரண்டு கட்டுரைகளின் பங்கு உண்டு. அவற்றைப் படித்தவர்கள் என் கைடும் நானும்தான் என்று நினைக்கிறேன்.

சரி, படித்த கதை போதும். பார்த்த கதைக்கு வருகிறேன்.

2000களின் நடுவில் திருப்பூர் சாயப்பட்டறைகளில் களப்பணி. ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைச் சான்றிதழ் வாங்கியவர்களைச் சந்திப்பதுதான் வேலை. ஒரு பட்டறையில் வரவேற்பறைச் சுவரில் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் அதே அளவுக் கண்ணாடிச் சட்டத்தில் சான்றிதழ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மல்லிகைச் சரம் தொங்கியது. இந்தச் சான்றிதழைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இவ்வளவுக்கு மேல் கழிவு விடக் கூடாது என்று அது எந்த அளவையும் விதிப்பதில்லை. முறையாக ஒரு நிர்வாக ஏற்பாடு வைத்திருக்கிறாயா, சட்டத்தை மதிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாயா, குறைகளைச் சரிசெய்ய வழி வைத்திருக்கிறாயா என்றுதான் பார்க்கும். கோயில் கமிட்டியில் வரவு செலவு நோட்டு இருக்கிறதா என்று பார்ப்பது போல. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு சங்கதி.

பின்பக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். ஆபரேட்டர் ஒருவர் லாக் புக்கைக் காட்டினார். பி.எச். அளவு 7.2, 7.2, 7.1, 7.2 என்று ஒரு மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதிய மாதிரி. நான் பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆடிட்காரங்க வர்ற தேதி ஒரு வாரம் முன்னாடியே தெரியும்ங்க சார்" என்றார், சாதாரணமாக. பொய் சொல்கிறோம் என்ற கூச்சம் அவரிடம் இல்லை. தேர்வுக்கு முந்தின நாள் ரெக்கார்டு நோட்டு எழுதாத மாணவன் யார்?

இன்னொரு பட்டறை நேர் எதிர். முதலாளி உண்மையிலேயே செலவு செய்திருந்தார். சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்தார், அதில் கரைந்திருந்த உப்பையும் பிரித்து மறுபடி சாயமேற்றவே பயன்படுத்தினார். என் கேள்வித்தாளில் 'சுற்றுச்சூழல் விழுமியங்கள்' என்றொரு பகுதி இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். "தண்ணி லாரிக்குக் குடுக்கற காசு மிச்சமாகுதுங்க, உப்பு வாங்கற காசு மிச்சமாகுது. விழுமியமெல்லாம் நீங்களே போட்டுக்குங்க." நானும் போட்டுக்கொண்டேன், 5க்கு 4.

அவர் அதோடு விடவில்லை. கேட் வரைக்கும் கூடவே வந்து சொன்னது இது: "நான் இத்தன செலவு பண்றேன். பக்கத்துல ஒருத்தன் ராத்திரில வாய்க்கால்ல தொறந்து உட்டுட்டு கிலோவுக்கு ரெண்டு ரூவா கம்மியாக் குடுக்கறான். எல்லாருக்கும் ஒரே சட்டத்தப் போடச் சொல்லுங்க சார். சும்மா சர்டிபிகேட் வேண்டாம்."

தானாக முன்வந்து நல்லது செய்த மனிதர் கட்டாயச் சட்டம் கேட்கிறார்! என் ஆய்வேட்டில் இதற்கு இடம் இருக்கவில்லை; அடிக்குறிப்பில் போட்டேன். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதை அதற்குள் ஊரே பார்த்துவிட்டிருந்தது. அந்த உத்தரவால் எத்தனை தொழிலாளர்கள் வேலை இழந்து ஊர் திரும்பினார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் அதைக் கொண்டாட மனசு வரவில்லை. ஆனால் சுவர்களில் தொங்கிய சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அது செய்தது.

அப்போதுதான் என் தொழிலின் அடிப்படைக் கோளாறு எனக்கு உறைத்தது. நாங்கள் யாரைப் படிக்கிறோம்? கதவைத் திறப்பவர்களை. கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்புபவர்களை, கருத்தரங்குக்கு வந்து பவர்பாயிண்ட் போடுபவர்களை. வீட்டுப்பாடம் செய்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொல்லி, தூக்கிய கைகளை மட்டும் எண்ணிவிட்டு வகுப்பே படிக்கிறது என்று எழுதுகிற வேலை. பதில் போடாதவர்களை 'பதிலளிக்காதோர்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். நொய்யலில் ஓடியது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

அரசு பக்கம் இன்னும் வேடிக்கை. ஓர் அரசு அலுவலக வளாகம் தாமாகவே மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதாக உறுதிமொழி எடுத்திருந்தது. எவ்வளவு மிச்சமானது என்று மதிப்பிட எங்களை அழைத்தார்கள். சந்தோஷமாகப் போய் முதல் நாளே கேட்டேன், பழைய கரண்ட் பில்களைக் கொடுங்கள் என்று. ஸ்தாபனப் பிரிவு கணக்குப் பிரிவைக் காட்டியது, கணக்குப் பிரிவு தலைமை அலுவலகத்தைக் காட்டியது. மூன்றாவது நாள் எலெக்ட்ரீஷியன் ஒருவர் மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினார். மூன்று கட்டடங்களுக்கும் ஒரே மீட்டர், அதில் ஒரு கட்டடம் வேறு துறையுடையது. உறுதிமொழிப் பலகை வாசலில் பளபளவென்று இருந்தது. நான் அறிக்கையில் 'தரவு போதாமை' என்று எழுதினேன். அவர்கள் அதை 'ஊக்கமளிக்கும் முடிவுகள்' என்று மாற்றி அச்சடித்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தன்னார்வம் என்றாலே ஏமாற்று வேலை என்று யாராவது கமெண்ட் போடப் போகிறீர்கள். இல்லை. உங்கள் வீட்டு பிரிட்ஜைப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிள் 2006ல் விருப்பப்பட்டவர்கள் ஒட்டலாம் என்றுதான் வந்தது. நாலு வருடத்தில் சோதனை முறைகள் பழகின, வாங்குபவர்கள் நட்சத்திரத்தை எண்ணப் பழகினார்கள். 2010 ஜனவரியில் ஏ.சி.க்கும் பிராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜுக்கும் கட்டாயமாக்கிவிட்டார்கள். கட்டாயத்துக்கு முன்னால் ஓர் ஒத்திகை நடந்தது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு விஷயத்திலும் அதே கதைதான்: 2009ல் தன்னார்வ வழிகாட்டுதல், 2013 கம்பெனிச் சட்டத்தில் பெரிய கம்பெனிகளுக்கு லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும் கடமை. 2011ல் இன்னொரு தன்னார்வ வழிகாட்டுதல், பிற்பாடு பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, முதல் 1000 பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2022-23 முதல் கட்டாயமாக்கிய சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை.

ஒத்திகையோடு நின்றுபோனதும் உண்டு. 1991ல் மத்திய அரசு 'எகோமார்க்' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது, சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளுக்கு அடையாளமாக மண்பானைச் சின்னம். அழகான சின்னம். அந்த மண்பானையைக் கடையில் எந்தப் பொருளின் மேலாவது பார்த்திருக்கிறீர்களா? வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கேட்பேன். ஒரு கைகூட உயர்ந்ததில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் இந்தோனேசியா. 1995ல் அங்கே ஆலைகளுக்கு நிறம் கொடுத்தார்கள்: தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு. முதலில் மதிப்பிட்டவை 187 ஆலைகள். தங்கம் ஒன்றுகூட இல்லை. பச்சை 5, நீலம் 61, சிவப்பு 115, கருப்பு 6. ஜூன் மாதம் அந்த ஐந்து பச்சை ஆலைகளின் பெயரை மட்டும் மேடையில் வாசித்துக் கைதட்டினார்கள். சிவப்புக்கும் கருப்புக்கும் டிசம்பர் வரை அவகாசம், அதற்கு மேல் பெயர் வெளியே வரும் என்றார்கள். கருப்பில் இருந்தவர்களில் சிலர் அந்த ஆறு மாதத்துக்குள் அடித்துப் பிடித்து மேலே வந்தார்கள். இதில் சேர யாரையும் கெஞ்சவில்லை என்பதைக் கவனியுங்கள். திருந்துவது மட்டும்தான் அவரவர் விருப்பம், எண்ணுவது அரசின் வேலை.

ஆனால் நம்ம ஊரில் குடிமராமத்து இருந்ததே, ஊரார் தாமாகவே ஏரி தூர் வாரினார்களே என்று சில நண்பர்கள் சொல்வார்கள். இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வராதவர்களை வரவழைக்க 1858லேயே மதராஸ் மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்று ஒதுக்கலாம்தான். அதற்கு முன்பு ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் வேலை வாங்கியதையும் அதில் யார் முதுகு வளைந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால் நான் விவாதத்துக்கு ரெடி.

பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் பாரிஸில் 2015ல் கொடுத்த வாக்குறுதிகளும் இதே ஜாதிதான். இலக்கை அவரவரே வைத்துக்கொள்வார்கள். தாங்கள் கடன் கொடுக்கும் தொழில்களின் நிகரக் கரியமில வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று வங்கிகள் 2021ல் நெட் ஜீரோ கூட்டணி சேர்ந்தன. 2024 கடைசியில் அமெரிக்காவில் காற்று மாறியதும் பெரிய அமெரிக்க வங்கிகள் ஒவ்வொன்றாக நழுவின, 2025ல் கூட்டணியே கலைந்தது. எனக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. கையைத் தூக்கியவர்கள் இறக்கினார்கள்.

ஓய்வு பெற்றாலும் ஒரு மாணவி மட்டும் என்னிடம் பாக்கி இருக்கிறாள். கழிவு மறுசுழற்சியில் தன்னார்வ முயற்சிகள் என்று தலைப்பு. முந்நூறு கம்பெனிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில் போட்ட நாற்பது சொச்சம் பேரின் பட்டியலோடு போன வாரம் வீட்டுக்கு வந்தாள். "சார், சாம்பிள் போதுமா?"

அந்தப் பட்டியலை வாங்கி மேசை டிராயரில் போட்டேன். மிச்சப் பட்டியலைக் கேட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. "அவங்க யாரும் பதிலே போடல சார்" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில், பதில் போடாத ஆலைகளைப் பார்க்கப் பெருந்துறை போகிறோம், நான், அவள், அவள் அப்பா. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். கேட்டுக்கு வெளியே டீக்கடை இருக்கும், ஷிப்ட் முடிந்து வருபவர்கள் இருப்பார்கள், பின்பக்கம் வாய்க்கால் இருக்கும். கேள்வித்தாள் எதுவும் எடுத்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.