இழுத்துச் சொடுக்கினால் கணுக்காலின் கிழிந்த லிகமென்ட் ஒட்டாது

கணுக்கால் சுளுக்கிய உடனே பாதத்தை இழுத்துச் சொடுக்கினால், ‘டக்’ என்ற சத்தத்துடன் கிழிந்த லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) மீண்டும் ஒட்டிக்கொள்ளும், எக்ஸ்ரே தேவையில்லை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவிவருகிறது. இது தவறு.

அந்தச் சத்தம் பொதுவாக மூட்டுத் திரவத்தில் உள்ள வாயுக் குமிழியால் எழுவது; நார் இணைந்ததற்கான அடையாளம் அன்று. பாதம் உட்புறம் மடங்கும்போது பெரும்பாலும் பாதிக்கப்படுவது, வெளிக்கணுவின் முன்பக்கத்திலிருந்து கணுக்கால் மூட்டின் கீழ்ப்பகுதியான தாலஸ் எலும்புக்குச் செல்லும் லிகமென்ட்தான். உடலே புதுத் திசுவை உருவாக்கி அதை வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், ஆற்றுகிறது. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் தாலஸ் எலும்பை மெதுவாகப் பின்னோக்கி நகர்த்தும் கைமுறைச் சிகிச்சை, பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அசைவை மீட்கவும் வலியைக் குறைக்கவும் உதவுகிறது என்பது உண்மையே. ஆயினும் அது கிழிசலை ஒட்டுவதில்லை, உடற்பயிற்சியுடன் சேர்த்தே அளிக்கப்படுகிறது. அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலில் இதைச் சரிபார்க்கலாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது எக்ஸ்ரே பற்றிய வரி. கனடாவில் 1992-இல் வெளியான ஒட்டாவா விதிகளின்படி, கணுப்பகுதி வலியுடன் நான்கு அடி எடுத்துவைத்து நடக்க இயலாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முறிந்த காலை இழுத்தால் எலும்பு மேலும் விலகக்கூடும். இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். முன்பே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இவ்விளக்கத்தையும் பகிருங்கள்.