நெல்லைத் தெரிந்தவரிடம் தலைமையைக் கொடுங்கள்

செவ்வாய்க்கிழமை வந்த அறிவிப்பைப் பற்றி இரண்டு நாளாக நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

கிளிநொச்சியில் நெல் வாங்குவதற்கான ஏஐ (செயற்கை நுண்ணறிவு) திட்டம். தலைமை கொழும்பில் இருக்கும் ஐரி (தகவல் தொழில்நுட்ப) பிரிவுக்கு. கொள்முதலில் நிற்கும் எங்களில் ஒருவரைக்கூடக் குழுவில் போடவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஏஐயின் கணிப்புப் பிழையானால் விவசாயிக்கு முன்னால் நின்று பதில் சொல்லப்போவது யார்? அவர்தான் தலைமை தாங்க வேண்டும்.

ஏஐக்குக் கொடுக்கப்போகும் எங்கள் கொள்முதல் பதிவுகளைத் திறந்தால் மூன்று போகமாக எல்லா நெல்லும் ஈரப்பதன் 14 வீதம். நெல் சந்தைப்படுத்தல் சபையின் அளவும் அதுதான். ஆனால் அப்படி நெல் எங்கே வருகிறது? 14க்கு மேல் அடித்தால் எங்கள் கணினி பில் தராது. வெளியே உழவு மெசின்கள் வரிசையில் நிற்கும், வானம் இருட்டிக்கொண்டு வரும். பெடியன் மீற்றரில் 17 கண்டதும் மூட்டைக்கு இவ்வளவு கிலோ என்று கழித்துவிட்டு 14 என்று பதிவான். என் அப்பா ஒரு நெல்லைப் பல்லில் கடித்தே "இன்னும் ஒரு வெயில் காட்டோணும்" என்பார். அந்த 14 பொய் என்று கொழும்பில் யாருக்குத் தெரியும்?

2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அடுத்த காலபோகத்தில் விளைச்சல் விழுந்தது. இந்தத் திட்டத்தின் முன்னோட்டத்தில் அந்த வீழ்ச்சியை வைத்து எங்கள் ஊர்ப் பக்கத்தை "விளைச்சல் குறைந்த பகுதி" என்று திரையில் சிவப்பாகக் காட்டினார்கள். உரம் இல்லாததால்தான் விழுந்தது என்று கை உயர்த்திச் சொன்னேன். "அதைப் பிறகு பார்ப்பம் அக்கா" என்றார்கள். இன்னும் அது சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஐரி தெரியாதவர் எப்படித் தலைமை தாங்குவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். தரவுப் பாதுகாப்பு இருக்கிறது, அதற்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐரிக்காரர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கட்டும். எந்த நெல்லை வாங்குவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதை நெல்லைத் தெரிந்தவர் முடிவு செய்யட்டும்.

பதவி கிடைக்காத எரிச்சல் என்றும் சிலர் சொல்வீர்கள். பதினொரு வருடம் கொள்முதல் மேசையில் இருந்திருக்கிறேன், வலிக்காதா? எனக்கு வேண்டாம், எங்கள் மேற்பார்வையாளர் ஐயாவிடம் கொடுங்கள். களத்தில் இருந்து ஒருவர், அவ்வளவுதான்.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் ஒரே குடும்பம் எத்தனை படிவம் நிரப்பினோம் என்று வன்னியில் எல்லோருக்கும் நினைவிருக்கும். விபரம் எங்களுடையது, முடிவு எப்போதும் வேறெங்கோ. இப்போதும் அதேதான்.

நேற்று மின்னஞ்சல் வந்தது. பதினொரு வருடப் பதிவையும் அனுப்ப வேண்டுமாம். ஓரத்தில் "மழை", "உரம் இல்லை", "17, கழித்தது" என்று நான் எழுதி வைத்த குறிப்பு நிரலை மட்டும் அழித்துவிட்டு அனுப்பட்டாம். அழிக்காமலே அனுப்பியிருக்கிறேன்.