அறுபது நாள் ஒத்திகை, ஒரே ஓர் இரவு

பல்கலைக்கழக நாடகத் துறைகளில் தயாரிப்புக் காலம் தொடங்கிவிட்டது. இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு நாடகத்தை இயக்கி மேடையேற்றுவார்கள். பேராசிரியர் இயக்கும் பெரிய தயாரிப்பு ஒன்றும் உண்டு. இந்த முறை எனக்கு இரண்டு அழைப்பிதழ்கள் வந்திருக்கின்றன. பேராசிரியரின் நாடகம் மூன்று நாள். மாணவரின் நாடகம் ஒரே நாள். பழைய எரிச்சல் திரும்பிவிட்டது.

நானும் இப்படி ஒரு துறையில் படித்தவன். பெயர் வேண்டாம். என் தயாரிப்புக்கு அறுபது நாள் ஒத்திகை பார்த்தோம். மூங்கிலும் சாக்குத்துணியும் வைத்து நாங்களே அரங்கம் கட்டினோம். முதல் பதினைந்து நிமிடம் எல்லோரும் பதற்றத்தில் வசனத்தை விழுங்கினார்கள். கிழவியாக நடித்த பெண், சிரிப்பு வரும் என்று நாங்கள் நம்பிய இடத்தில் நிறுத்தினாள், ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் எதிர்பாராத இன்னொரு வரிக்கு அரங்கமே சிரித்தது. மறுநாள் இருந்திருந்தால் அவள் எங்கே நிறுத்தியிருப்பாள் என்று இன்றும் யோசிக்கிறேன். மறுநாள் இல்லை. மதிப்பெண் போட வந்தவருக்கு ரயில் இருந்ததால் நாடகத்தையே ஒரு நாள் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். பழைய தேதியை நம்பி ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த என் அம்மா, மீன்பாடி வண்டியில் மூங்கில் ஏற்றுவதைத்தான் பார்த்தார்.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1922-இல் சுவாமிகள் மறைந்ததும் புதுச்சேரியில்தான். அவர் 1918-இல் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவில்தான் பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். சிறுவர்களே நடித்த அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகள் ஓர் ஊருக்குப் போனால் முகாம் போட்டு இரவுக்கு இரவு ஆடும். நேற்று தடுமாறிய பையன் இன்று திருத்திக்கொள்வான். கண்டிப்பும் அடியும் நிறைந்த வாழ்க்கை அது, அதற்காக நான் ஏங்கவில்லை. ஆனால் நடிப்பு பார்வையாளர் முன்னால்தான் பழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை ஸ்பெஷல் நாடகமாக விடிய விடிய ஆடுகிறார்கள். நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். சேர்ந்து ஒத்திகை கிடையாது. நேரே மேடையில் இருவருக்கும் வாதப் போட்டியான தர்க்கம் தொடங்கிவிடும். திருவிழாக் காலத்தில் இரவுக்கு ஓர் ஊர் என்று போவார்கள். ஒத்திகையே பார்க்காதவர்களுக்கு அத்தனை இரவுகள். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்தவனுக்கு ஒன்று!

பேராசிரியர்கள் நாடகம் போடக் கூடாது என்று சொல்லவில்லை. வெளிச்சத்துக்குள் அசையாமல் நிற்பது எப்படி என்பதை ஒரு பேராசிரியரின் நாடகத்தில், கூட்டத்தில் ஒருவனாக நின்றுதான் கற்றேன். ஆனால் நல்ல தேதியும் அதிக விளக்குகளும் பத்திரிகைக்காரர்களும் அங்கே போய்விட, மாணவர் நாடகம் செய்முறைத் தேர்வாகச் சுருங்கிவிடுகிறது. பார்வையாளர் வரிசையில் சக மாணவர்கள், இரண்டு தேர்வாளர்கள், ஒரு காவலாளி. (காவலாளியின் விமர்சனம்தான் எப்போதும் நேர்மையானது.)

பணம் இல்லை என்பார்கள். இப்போது ஒளியமைப்புதான் என் பிழைப்பு, அதனால் கணக்குச் சொல்கிறேன். பெரிய செலவெல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடும். மரம், துணி, வண்டிக்கூலி, விளக்குகளைக் கட்டி இறக்கும் கூலி எல்லாம் ஒரே தடவைதான். இரண்டாம் நாளுக்குக் கூடுவது விளக்கு வாடகையும் டீ, டிபனும். அரங்கம் கிடைக்காவிட்டால் ஒத்திகைக் கூடத்தின் தரை இருக்கிறது. சுற்றி உட்கார்ந்து பார்ப்போம்.

மாணவருக்கும் மூன்று நாள் கொடுங்கள். தேர்வாளர் மூன்றாம் நாள் வரட்டும். அழைப்பிதழைத் துறைப் பலகையில் மட்டும் ஒட்டாமல் வாசலில் இருக்கும் டீக்கடையிலும் ஒட்டுங்கள். வண்டிக்காரரை நான்காம் நாள் வரச் சொன்னால் போதும்.