அம்மா நடந்த ரோடு

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வால்பாறை போய்வந்தோம். வண்டியை நான்தான் ஓட்டினேன். அம்மா முன்சீட்டில், வீட்டுக்காரரும் ஏழு வயது மகனும் பின்னால். உடுமலையில் இருட்டோடு கிளம்பி, விடியும்போது பொள்ளாச்சியைத் தாண்டியாயிற்று. பொள்ளாச்சியிலிருந்து மேலே சுமார் 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். அதனால்தான் கோவை, திருப்பூர்ப் பக்கமிருந்து இத்தனை குடும்பங்கள் ஒரே நாளில் போய்வருகிறோம்.

போய்வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதைப் போட்டு அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ரோட்டில் நாம் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அம்மா பிறந்தது வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. கல்யாணமாகி உடுமலைக்கு வரும்வரைக்கும் அந்த மலைதான் ஊர். முழங்கால் வலி வந்த பிறகு பஸ்ஸில் மலையேற முடியாமல், பதினோரு வருடமாக அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆழியாறு செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை விட்டதும், அம்மா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டார். "வாசம் வருது பாரு" என்றார். எனக்கு ஈர மண் வாசம் மட்டும்தான் தெரிந்தது.

ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கும். மகன் ஒவ்வொன்றாகக் கத்தி எண்ணிக்கொண்டே வந்தான். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட். இந்தப் பாதைக்கு வழி கண்ட லோம் என்ற பொறியாளரின் பெயர். கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். ரோட்டோரச் சுவரின் மேல் நான்கு வரையாடுகள் நின்றிருந்தன. நம் மாநில விலங்கு. சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதுதான். பாறை இடுக்கில் கால் பதித்து, ஆளைக் கண்டால் ஏறி மறைய வேண்டிய பிராணி, கார் கதவிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஒரு சிப்ஸ் கவரை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற காரிலிருந்து இன்னொரு கவரை உடைத்துக் கொட்டினார்கள். எல்லார் கையிலும் போன்.

அவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. அதே இடத்தில் என் மகனும் ஒரு நாட்டுக் குரங்குக்குப் பிஸ்கட் நீட்டிவிட்டான். நான் கவனிக்கவில்லை. என் தப்புதான். அம்மாதான் திரும்பி அவன் கையைப் பிடித்தார். "நீ குடுத்துட்டுப் போயிருவ சாமி. அது நாளைக்கும் ரோட்டுக்கு வரும். நாளைக்கு வர்ற வண்டி நிக்குமா?"

அவன் பிஸ்கட்டை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டான். அதற்கப்புறம் இறங்கும்வரை கேட்கவே இல்லை.

அட்டகட்டி தாண்டி, கவர்க்கல்லில் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இரண்டாவது கியரில் மெதுவாக ஊர்ந்தேன். பின்னால் வந்த ஒரு பெரிய வண்டி ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்து, வளைவிலேயே முந்திக்கொண்டு போனது. எதிரில் இறங்கி வந்த பஸ் டிரைவர் எப்படியோ ஒதுங்கி நிறுத்தினார். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது 2017 ஓட்டுநர் விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஆனால் வளைவில் முந்தலாம் என்று எங்கேயும் இல்லை. இறங்கும்போதும் அப்படித்தான். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். நாற்பது வளைவுக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் கருகிய நாற்றம்தான் வரும். அன்று சாயங்காலம் குரங்கு அருவிப் பக்கம் அப்படி இரண்டு வண்டிகள் ஓரங்கட்டி நின்றன.

ரொட்டிக்கடை தாண்டியதும் அம்மா பேச ஆரம்பித்தார். இந்த ரோட்டில்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்களாம், மழைக்காலத்தில் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. கால் விரல் இடுக்கில் அட்டை ஏறுமாம். உப்பு முடிச்சு ஒன்று எப்போதும் பாவாடையில் இருக்குமாம். தாத்தா ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, வழியில் யானை நின்றால் தெரிந்துகொள்ள எந்த வழியும் கிடையாது. வீட்டில் எல்லாரும் விழித்துக்கொண்டே படுத்திருப்பார்களாம். இப்போது பக்கத்தில் யானை இருந்தால் ஊர்க்காரர்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. முக்கியமான இடங்களில், போனிலிருந்தே எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்குக் கம்பங்களும் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கம்பத்தைக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுத்தோட்டம் வந்ததும் முன்னால் வண்டிகள் நின்றிருந்தன. காவலுக்கு இருப்பவர் கை காட்டி நிறுத்தியிருந்தார். சோலைமந்திக் கூட்டம் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. சிங்கவால் குரங்கு என்றால் நிறையப் பேருக்குத் தெரியும். கரிய முகம், சுற்றிலும் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். உலகத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு இது. மழைக்காட்டின் உச்சிக்கிளைகளிலேயே பிறந்து வளர்ந்து மடிகிற பிராணி. தேயிலைக்காகக் காட்டை வெட்டினதில், புதுத்தோட்டத்தில் ஒரு துண்டுச் சோலை மட்டும் மிஞ்சி, அதற்குள் இவை மாட்டிக்கொண்டன. நடுவில் ரோடு. மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதில் சில ஏறிப் போயின. மற்றவை தரையில் இறங்கித்தான் தாண்டின. ஒரு தாய், வயிற்றில் குட்டி தொங்க, எங்கள் பம்பருக்கு நேர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. குட்டியின் முகம் இன்னும் கறுக்கவில்லை, வெளுத்திருந்தது. அதன் விரல்கள் தாயின் தோலைப் பிடித்திருந்த பிடியை என் சீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. நான்கு நிமிஷம் இருக்கும். பின்னாலிருந்து ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான்கு நிமிஷம்! நாலு இடம் பார்க்க வேண்டும், சோலையாறு அணைக்குப் போக வேண்டும், இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. எட்டு இடம் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டு போதும். அந்த ரோட்டிலேயே ஒரு நாள் போதாத அளவுக்கு இருக்கிறது. தீனி போடாதீர்கள், வளைவில் முந்தாதீர்கள், யாராவது கை காட்டினால் என்ஜினை அணைத்துவிட்டு உட்காருங்கள். குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை வேறு எங்கே கிடைக்கும்?

தோட்டத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு அம்மாவின் லயனுக்குப் போனோம். அவர்கள் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம் இருக்கிறது. நம் ஆட்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கீழே இறங்கிவிட, இலை பறிக்க அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். என் தாத்தாவின் அப்பாவும், தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி பேச்சை நம்பித் திண்டுக்கல் பக்கமிருந்து அப்படி ஏறியவர்தான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பத்துச் சொல் தெரியும். அம்மாவுக்கு இந்தி ஒன்றும் தெரியாது. அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இப்போதெல்லாம் கத்தரி வைத்துத்தான் வெட்டுகிறார்கள். கட்டைவிரல் அடியில் காய்ப்பு கனத்துக் கிடந்தது. அம்மா தன் ஆள்காட்டி விரலை நீட்டி, நகத்தோரத்தில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி விழுந்த பழைய வெடிப்பைக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அடுப்பில் பால் வைத்தாள்.

மூன்றரைக்குக் கிளம்பினோம். புதுத்தோட்டத்தில் இந்தத் தடவை யாரும் கை காட்டவில்லை. ஆனாலும் மகன் பின்னாலிருந்து, "மெதுவா போம்மா, குட்டி இருக்கும்" என்றான்.